சமதரையில் அளக்க வேண்டிய எண்ணெய்

வாகனம் சமதரையில் நிற்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடமாவது கழிய வேண்டும். அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி இறக்கி எடுத்த பின்னரே எண்ணெய் மட்டத்தைப் பார்க்க வேண்டும். காரோடு வந்த ஆங்கிலக் கைநூலில், பராமரிப்புப் பகுதியின் இரண்டாவது விதி இது. பதினொரு வயதில் எனக்கு அது மனப்பாடம். பின்னாளில் அரசாங்கத்தின் எத்தனையோ சுற்றறிக்கைகளை மனப்பாடம் செய்தேன். எதுவும் இந்த அளவுக்குக் கெடுதல் செய்ததில்லை.

கார் சின்ன மாமாவுடையது. அம்மாவின் கடைசித் தம்பி, கலியாணமாகாதவர், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். ஞாயிறு காலைகளில் வல்லை வெளிக்குப் போவார். இரண்டு பக்கமும் வெறும் வெளி, நடுவில் வளைவே இல்லாத தெரு. முதல் பஸ் வருமுன், அவரைப் போன்ற நாலைந்து பேர் இரண்டிரண்டு கார்களாக நிறுத்தி, லேஞ்சியை, கைக்குட்டையை, ஒருவர் கீழே போட்டதும் ஒரு மதகிலிருந்து அடுத்த மதகுவரை விரட்டுவார்கள். கோப்பை கிடையாது, பரிசும் கிடையாது. ஒரு வழக்கம் மட்டும் இருந்தது: தோற்றவர் எஞ்சினைச் சாட்டுச் சொன்னால், வென்றவர் முன்னிலையில் அதைத் திறந்து காட்ட வேண்டும்.

மாமாவுக்குப் பக்கத்து இருக்கை அண்ணைக்கு உரியது. அவருக்குப் பதினாலு வயது. கைநூலில் ஒரு பக்கமும் படித்ததில்லை. நீளத் திருப்புளியின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். "இரண்டாவது சிலிண்டர் இருமுது மாமா" என்பார். மாமா திறந்து பார்த்தால் இரண்டாவதுதான். நான் பக்க எண்ணோடு சொன்னாலும் மாமா, "ஓம் ஓம், நீ போய்ப் படி" என்பார். பந்தய நாளில் நான் மதகடியில் தண்ணீர்ப் போத்தலோடு நிற்பேன். பின் இருக்கையில் ஏறினால் பாரமாம்.

அந்தச் சனிக்கிழமை அண்ணை எண்ணெய் அளந்ததை நான் பார்த்தேன். கொட்டிலின் தரை முன்பக்கம் சரிவு. கார் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. அப்படியே கம்பியை இழுத்துப் பார்த்தார்.

"எண்ணெய் பார்த்தனியோடா?" என்று மாமா கேட்டார்.

"ஓம் மாமா, காணும். இனி விடத் தேவையில்லை."

இரண்டாவது விதி என் நாக்கு நுனியில் இருந்தது. நான் சொல்லவில்லை. ஏதாவது பிழைக்கட்டும், அப்போது பக்க எண்ணோடு சொல்லலாம் என்று விழுங்கிவிட்டேன்.

மறுநாள் எதிர்க் கார் ஒரு பருத்தித்துறைக்காரருடையது. பாதித் தூரம்வரை மாமாதான் முன்னால். பிறகு வாளிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம், அதன் பின் ஒரு வெடி, புகை. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது எண்ணெய் முழுவதும் தெருவில் கிடந்தது.

"மாமா, கீழையிருந்துதான் தட்டினது" என்றார் அண்ணை.

"வாயை மூடு."

பருத்தித்துறைக்காரர் திரும்பி வந்து காரை நிறுத்தினார். "என்ன காணும், நடுத்தெருவிலை அடுப்பு மூட்டிப் போட்டீர்?"

"எஞ்சின் கவிட்டுப் போட்டுது. இல்லாட்டி நீர் என்ரை பின் லைற்றைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருப்பீர்."

"அப்ப திறந்து காட்டும், பாப்பம்."

உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து வந்து, அன்று பின்னேரமே கொட்டிலில் திறந்தார்கள். அடித்தட்டைக் கழற்றி, அம்மாவின் எனாமல் பேசினுக்குள் எல்லாவற்றையும் கொட்டினார்கள். முறிந்த தண்டு, இரண்டாகப் போன பெயாரிங், இரும்புத் துகள்கள். நான் கொப்பியில் ஒவ்வொன்றாக எழுதினேன். ஏழாவதாக, தீக்குச்சி நீளத்தில் ஒரு தகரத் துண்டு, ஒரு பக்கம் நீல வர்ணம். மாமா ஆணி போட்டு வைக்கும் பால்மா ரின்னின் தகரமும் அதே நீலம். அதன் பக்கவாட்டில் ஒரு துண்டு வெட்டப்பட்டிருந்ததையும் முன்னமே கண்டிருந்தேன். ஆனால் ஆணி ரின் எஞ்சினின் பாகம் அல்லவே. கைநூலில் அது இல்லை.

"ஏன் காணும் பெயாரிங் போனது?" என்று பருத்தித்துறைக்காரர் குந்தியிருந்து கேட்டார். "உம்மடை கை பட்ட எஞ்சின் எண்டு ஊரெல்லாம் சொல்லுவீரே."

மாமா குனிந்து ஸ்பானர்களைப் பொறுக்கினார். இதற்காகத்தானே காத்திருந்தேன். கைநூலை விரித்து இரண்டாவது விதியை ஆங்கிலத்தில் வாசித்து, தமிழிலும் சொல்லி, அண்ணை அளந்த இடத்தைக் கையால் காட்டினேன். முறைப்பாட்டுக்காரன், சாட்சி, விசாரணை அதிகாரி மூவரும் நானே. இப்படியான விசாரணைக் கோவை ஒன்று பிற்காலத்தில் என் மேசைக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

"சரிவிலை நிப்பாட்டியே அளந்தனி?" என்று மாமா கேட்டார். அண்ணையின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

அண்ணை பேசினைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். "ஓம் மாமா. என்ரை பிழைதான்."

"பொடியன் விட்ட பிழையோ. அப்ப சரி" என்று பருத்தித்துறைக்காரர் எழும்பிக் கை துடைத்தார். அவர் போன பின், "இனி நீ முன்னுக்கு இரு" என்று மாமா என்னிடம் சொன்னார். ஓடாத காரில் எனக்கு முன் இருக்கை கிடைத்தது.

அடுத்த கிழமை மாமா தன்னுடைய ஸ்பானர் பெட்டியை, முழுப் பெட்டியையும், அண்ணையிடம் கொடுத்தார். யாரையும் தொட விடாத பெட்டி அது. குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்குப் பரிசு. கண்டுபிடித்தவனுக்கு உடைந்த கார். எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. இந்த அநியாயத்துக்கு மேன்முறையீடு செய்வதென்று முடிவு செய்து, கைநூலின் கடைசிப் பக்கத்தில் இருந்த இங்கிலாந்து முகவரிக்கு ஆங்கிலத்தில் எழுதினேன். சரிவில் அளந்ததே காரணம் என்று உறுதிப்படுத்தித் தருமாறு கேட்டு, பேசினில் கண்ட பொருட்களின் பட்டியலையும் இணைத்தேன். எழுதியது ஆவணியில். பிறகு தினமும் தபால்காரரைப் பார்த்து நின்றேன். இறக்குமதி நின்றிருந்த காலம். புதுப் பெயாரிங் கேட்டு மாமா கொழும்புக்கு எழுதியவற்றுக்கெல்லாம் 'இல்லை' என்றே வந்தது. கார் கொட்டிலிலேயே நின்றது. அண்ணை பள்ளி விட்டு வந்து ஸ்பானர்களைத் துடைத்து அடுக்குவார், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இங்கிலாந்திலிருந்து வந்த கடிதம் ஒரு பக்கந்தான். கொட்டிலில் மாமாவையும் அண்ணையையும் வைத்துக்கொண்டு உரத்து வாசித்து, வரிக்கு வரி தமிழ் சொன்னேன். எண்ணெய் சற்றுக் குறைந்திருந்தாலும் இவ்வளவு சேதம் வராது. பட்டியலின் ஏழாவது பொருளான தகரம் எமது எஞ்சினுக்கு உரியதன்று. தேய்ந்த பெயாரிங்கை இறுக்குவதற்காக யாராவது அதை அதன் பின்னால் செருகியிருந்தால், வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மாமா எழும்பி வெளியே போனார். அண்ணை கையை நீட்டி, நான் பிடித்திருந்த கடிதத்தை மெல்ல மடித்தார்.

"உந்தக் கடிதத்தை ஒருத்தருக்கும் காட்டாதை. பருத்தித்துறை ஆள் வந்தாலும் கதையாதை."

இங்கிலாந்து முத்திரை ஒட்டிய கடிதம் என் பெயருக்கு வந்தது அண்ணைக்குப் பொறுக்கவில்லை என்றுதான் நினைத்தேன். எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஒரு நாளாவது அவர் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டாரே. கடிதத்தின் மூலையில், பிற்காலத்தில் ஆயிரம் கோவைகளில் செய்தது போல, கிடைத்த நாளைக் குறித்து வைத்தேன்: தைப்பொங்கலுக்கு மறுநாள்.