ஏரி வரைந்த திரை

இலங்கை மலையகத்துப் பதுளையில், ஊரின் கதையைச் சொல்லும் சின்ன அருங்காட்சியகம் ஒன்றில் நிற்கிறேன். சினிமா போஸ்டர்களையும் பழைய ரேடியோக்களையும் தாண்டினால் கடைசி அறையில், மூடிப்போன ஒரு போட்டோ ஸ்டூடியோவின் திரை தொங்குகிறது. அதில் ஏரியும் இரண்டு அன்னங்களும். வெளியே மழை. திரைக்கு முன்னால் ஓர் அம்மா மட்டும் நிற்கிறார்.

"தம்பி, ஒரு போட்டோ புடிச்சுத் தாங்க" என்று போனை நீட்டுகிறார். பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருக்கிறார்.

"இதே ஏரிக்கு முன்னாலதான் நாங்க மூணு பேரும் போட்டோ புடிச்சோம். மண்சரிவுல அவரும் புள்ளயும் போயிட்டாங்க. அந்தப் படமும் மண்ணோட போயிருச்சு."

திரையின் ஓரமாகப் போய் நிற்கிறார். அவர் முகம் மட்டும் படத்தில் விழும்படி நான் போனோடு நெருங்குகிறேன்.

"கொஞ்சம் பின்னால போங்க தம்பி. அவங்களும் விழணும்ல."

அவருடைய வலது கை இடுப்புயரத்தில், ஒரு சின்னத் தோளைப் பிடித்திருப்பதுபோல் லேசாக வளைந்து நிற்கிறது. படம் எடுத்துக் காட்டுகிறேன். தன் முகத்தை அவர் பார்க்கவில்லை. பக்கத்து வெற்றிடத்தை விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறார்.

"புள்ள கண்ண மூடிருச்சு. இன்னொன்னு எடுங்க."

குரலில் அழுகை இல்லை, எல்லா அம்மாக்களும் சலித்துக்கொள்கிற மாதிரிதான் இருக்கிறது. போனைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று நினைக்கிறேன். அதற்குள் அவர் பழைய இடத்துக்குப் போய்க் கையை வைத்துக்கொள்கிறார்.

நான் முழங்காலை மடித்துக் குனிகிறேன்.

"பாப்பா, இங்க பாரு" என்கிறது என் வாய்.