ஆத்தங்குடிக் கல்

எதிர்வீட்டில் ஆத்தங்குடிக் கல் பதித்து, உமியும் தேங்காய் எண்ணெயும் போட்டுத் தேய்க்கிறார்கள். அந்த வாசனை வந்த நேரத்தில்தான் என் மனைவி கேட்டாள்: "பேங்க்ல இருந்து போன் வந்துச்சு. டெபாசிட்டைத் திரும்பப் போடுறீகளா, எடுக்குறீகளா?"

அம்மா நெற்குப்பை ஊரில் ஒரு செட்டியார் வீட்டில் சமையல் செய்தாள். பகலெல்லாம் அங்கே பூப்போட்ட கல்தரையில் நடந்துவிட்டு, ராத்திரி எங்கள் வீட்டுச் சாணித்தரையில் வந்து படுப்பாள். முன்னறைக்காவது அந்தக் கல் போட வேண்டும் என்று போஸ்டாபீஸில் பணம் சேர்த்தாள். சேர்ந்த பிறகு எடுக்க மனசு வரவில்லை. அப்பா கேட்டால், "ஏன் அவசரப்படுறீக? அதுபாட்டுக்கு இருக்கட்டும்" என்பாள்.

அவள் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அப்பாவே ஆள் கூட்டிவந்து கல் பதித்தார். எண்ணெய் மணக்கும் அந்த அறைக்குள் எங்களைக் கால் வைக்க விடவில்லை. "உங்க அம்மாதான் மொதல்ல நடக்கணும்" என்றார்.

அம்மாவை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். அந்தத் தரையில் முதலில் கிடத்தியது அவள் உடலைத்தான்.

மனைவி இன்னும் பதிலுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"எடுத்துருவோம். உனக்கு என்ன வேணும், சொல்லு" என்றேன்.

"எனக்கென்ன வேணும்?" என்று சிரித்தாள். "அதுபாட்டுக்கு இருக்கட்டும்."