காற்றுக்கு முதுகு காட்டி

கடலூரில் கரையைக் கடக்கும் புயலுக்குத் தாம்பரத்தை ஒட்டிய எங்கள் செம்பாக்கத்தில் ஏன் முழங்கால் தண்ணீர் நிற்கிறது என்று விளக்கி எழுதியதற்காக என் பத்தியை நிறுத்தினார்கள். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. கோபம் இருக்கிறது. அதை நான் விடுவதாகவும் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் வந்து விழும் இலவச வாரப் பத்திரிகை ஒன்றில் மழை, வெயில், கடல் பற்றி வாரம் ஒரு பத்தி எழுதிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு பழக்கம். வானொலியில் எந்த ஊர்ப் பெயர் வருகிறதோ, புயல் அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் சொந்தம். "கடலூராம்பா" என்று ரேடியோவை அணைத்துவிட்டு, அரிசி மூட்டையைத் தரையிலேயே விட்டுவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார்கள். புயல் என்ன, குறிப்பிட்ட ஸ்டாப்பில் மட்டும் நிற்கிற பஸ்ஸா?

விஷயம் இதுதான். வங்கக் கடலில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழல்கிறது. ஆகவே புயலுக்கு வடக்கே இருப்பவர்களுக்குக் காற்று கடலிலிருந்து வரும். ஊறிய துணி மாதிரி ஈரத்தைச் சுமந்து வந்து நிலத்தின்மேல் பிழியும். தெற்கே இருப்பவர்களுக்குத் தரைக்காற்று, பெரும்பாலும் மழை குறைவு. கடலூருக்கு நாம் வடக்கு. புயல் அவர்களுக்கு என்றால் மழை நமக்கு. புயல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அறிய ரேடியோகூட வேண்டாம். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று இடது கையைப் பக்கவாட்டில் நீட்டினால் போதும். கை காட்டுகிற பக்கம் புயல்.

அந்த ஐப்பசியில் கடலில் ஒரு புயல் இருந்தபோது இதைத்தான் எழுதிக்கொண்டு போனேன். பத்திரிகை நடத்தியவர் படித்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"மேடம், ஜனங்க ரோட்டுல கையை நீட்டிக்கிட்டு நின்னா பாக்கறவன் சிரிக்க மாட்டானா? மழை வருமா வராதா, அதை மட்டும் எழுதுங்க. ஏன் எதுக்குன்னு கேக்கற அளவுக்கு நம்ம வாசகர்களுக்கு அறிவு பத்தாது."

"நானும் உங்க வாசகிதான் சார்" என்று சொல்லிவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதோடு பத்தி போயிற்று.

எங்கள் தெருவில் எல்லோரும் தினமும் படிக்கிற எழுத்து ஒன்றே ஒன்றுதான், ரேஷன் கடைப் பலகை. 'சர்க்கரை இல்லை, மண்ணெண்ணெய் நாளை' என்பதற்குக் கீழே பாதிப் பலகை சும்மா கிடந்தது. கடைக்காரரிடம் சாக்பீஸ் வாங்கி, பத்திரிகையில் வராததை அங்கே எழுதினேன்.

ஜனங்கள் படித்தார்கள். காற்றுக்கு முதுகையும் காட்டினார்கள். ஆனால் யாருக்கும் இடது கையை நீட்ட மனம் வரவில்லை. நல்லது கெட்டதற்கு இடது கையை நீட்டலாமா? மரியாதையாக வலது கையை நீட்டி, புயல் ஆந்திராவில் இருப்பதாகக் கண்டுபிடித்து, நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா ஒருவர் மட்டும் நின்றார். என் வயதுதான் இருக்கும். படிக்கத் தெரியாது, என்னை வாசிக்கச் சொன்னார். வலது கை தலைமேல் இருந்த கூடையைப் பிடித்திருந்தது. அதனால் யோசிக்காமல் இடது கையை நீட்டினார்.

"பீச்சாங்கை தெக்கால காட்டுது டீச்சர். அப்போ புயலு தெக்க கீதா?"

"ஆமாம்க்கா."

"காத்து திரும்புறது எங்களுக்குத் தெரியும். அது ஏன் திரும்புதுன்னு எவனும் சொன்னதில்ல. இன்னொரு வாட்டி சொல்லு."

மூன்று வாட்டி சொன்னேன். மறுநாள் பகலெல்லாம் கொட்டியது. ஏரிக்கரைத் தெருக்களில் அரிசி மூட்டைகள் நனைந்தன.

தண்ணீர் வடிந்ததும் நான் 'மழை டீச்சர்' ஆகிவிட்டேன். அதுதான் பெரிய பேஜார். "கார்த்திகையில நிச்சயதார்த்தம், அன்னிக்கு மழை வருமான்னு பாத்துச் சொல்லுங்க" என்று தாம்பூலத் தட்டோடு ஒரு தம்பதி வந்தார்கள். எனக்கு ஒரு கிளியும் சீட்டுக்கட்டும்தான் பாக்கி. நம்பாதவர்களிடம் சண்டை போடலாம். புரிந்துகொள்ளாமலே நம்புகிறவர்களை என்ன செய்வது? எனக்கு ஜோசியம் தெரியாது, காற்றைப் பற்றிக் கொஞ்சம் தெரியும், வேண்டுமானால் அதைச் சொல்லித் தருகிறேன் என்றேன். தட்டோடு திரும்பிப் போனார்கள். திமிர் பிடித்தவள் என்று தெருவில் பேச்சு வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

கார்த்திகையில் இன்னொரு புயல் வந்தது. மறுபடியும் நமக்குத் தெற்கேதான் என்று வானொலி சொன்னது. மாலையில் நானும் பலகையில் 'நாளை கனமழை' என்று பெரிதாக எழுதினேன். ஏன் என்று எழுதச் சோம்பலாக இருந்தது. எப்படியும் நம்பத்தானே போகிறார்கள்.

காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது மீன்கார அக்கா பலகைக்கு எதிரே நின்றிருந்தார். படகு போகாத நாள், கூடையில் கருவாடு. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார்.

"இன்னா டீச்சர், தப்பா எழுதிக்கினு கீறே?"

"என்ன தப்பு?"

"வெடிகாலைலேர்ந்து காத்து மேக்காலேர்ந்து வருது. முதுவ காட்டி நில்லு. பீச்சாங்கை எங்க காட்டுது? வடக்கால. புயலு நம்மளத் தாண்டி வடக்க போயிடுச்சு. இது தரைக்காத்து. இதுல எங்கேர்ந்து கனமழை வரும்?"

தெருவில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று இடது கையை நீட்டினேன். வடக்கு. அக்கா சொன்னது சரி. எனக்கு அவமானமாக இல்லை. சந்தோஷம்தான். அறிவு பத்தாது என்ற அந்த மனிதரை இழுத்துவந்து இங்கே நிறுத்த வேண்டும் போல இருந்தது.

முந்தானையால் என் எழுத்தை அழித்துவிட்டு, சாக்பீஸை அவரிடம் நீட்டினேன்.

"எனுக்கு எழுதத் தெரியாது, நீயே எழுது" என்றார். "ஆனா நான் சொன்னேன்னு போடு."

அப்படியே போட்டேன்.