குடம் வைத்த வரிசையில் கரண்ட்

லைன்மேன் தணிகைவேல் இந்த மே மாதத்தில் ஒரு வேளையாவது நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பாரா என்பது சந்தேகம். சோற்றில் கை வைத்தாலும் காது தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரிடம் இருக்கும். இரைச்சல் கொஞ்சம் தடித்தால் கையைக் கழுவிக்கொண்டு ஓடுவார். நகரிக்குப் பக்கத்தில் அறுபது வீடுள்ள தெரு அது. போன கோடையில் நான்கு ஏசி, இந்தக் கோடையில் பத்தொன்பது. ஒருவராவது கரண்ட் ஆபீசில் கூடுதல் லோடு வேண்டுமென்று எழுதிக் கொடுத்தாரா என்றால் இல்லை. அந்தப் பத்தொன்பதாவது ஏசி இவருடையதுதான். ஊருக்கெல்லாம் சட்டம் சொல்கிறவர், சத்தமில்லாமல் வாங்கி மாட்டிவிட்டார். வேறென்ன செய்வார், பாவம். பிரசவத்துக்கு வந்த மகள் கோதையின் மூன்று மாதக் குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அழுது அழுது பால்கூடக் குடிப்பதில்லை.

சனிக்கிழமை டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தது. மாற்று வந்து சேர செவ்வாய் மதியம் ஆகிவிட்டது. "இதுவும் போச்சின்னா பத்து நாளைக்கு வேற கெடையாது" என்று ஆபீஸ் இன்ஜினியர் கறாராகச் சொல்லிவிட்டார். பொருத்தி முடித்து கரண்ட் விட்டதும் ஃபியூஸ் போனது. காரணம் தெரிந்ததுதான். கரண்ட் வந்தால் தெரியட்டும் என்று எல்லா வீட்டிலும் ஏசி, மோட்டார், கிரைண்டர் அத்தனையும் ஆனிலேயே கிடக்கும். வந்த கணமே எல்லாம் ஒன்றாக இழுக்கும். வீடு வீடாகப் போய் அணைக்கச் சொன்னார். எல்லாரும் நன்றாகத் தலையாட்டினார்கள். அடுத்த வீட்டுக்காரன் அணைப்பான் என்று எவரும் அணைக்கவில்லை. இரண்டாவது ஃபியூஸும் போனது.

தெருக்குழாயில் குடங்களுக்கு முறை பார்க்கும் ரத்தினம்மா வந்தார்.

"இன்னா தணிகை, அணை அணைன்னு கத்திக்கினு இருந்தா எவன் கேப்பான்? கொழாயில குடம் வெக்கிற மாதிரி முறை உடு. முறைய மட்டும் நம்ம தெருவுல எவளும் மீற மாட்டா."

அது உண்மை. குழாயடியில் முறை தவறியவளோடு தெருவே ஆறு மாதம் பேசாது. தணிகைவேல் ஏசி உள்ள வீடுகளைப் பட்டியல் எழுதினார். லைன்மேன் தனக்கு முதலில் போட்டுக்கொண்டான் என்ற பேச்சு வேண்டாமென்று தன் வீட்டைக் கடைசியில் எழுதினார். எல்லா வீட்டிலும் அணைத்த பிறகு புது ஃபியூஸ் போட்டார். ரத்தினம்மா நடுத்தெருவில் நின்று ஒவ்வொரு வீடாகக் கூப்பிட, ஏசிகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. கம்பத்தடியில் தணிகைவேல் ஒயரில் டாங் டெஸ்டரை மாட்டி, எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டாவது வீட்டோடு எண் எல்லைக்கு வந்துவிட்டது.

"அடுத்தது உன் ஊடு" என்றார் ரத்தினம்மா.

ஒரு ஏசிதானே, தாங்கினாலும் தாங்கும் என்று மனம் அடித்துக்கொண்டது. நல்ல பேருக்கு ஆசைப்பட்ட தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"எங்க ஊட்டுக்கு வோணாங்க்கா."

வீட்டில் ஃபேன் அனலாக வீசியது. அது போதாமல் கோதை நோட்டு அட்டையால் குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்தாள். "தெருவுக்கெல்லாம் குடுத்தியே நைனா, இவனுக்கு?"

தணிகைவேல் குழந்தையைத் துண்டில் ஏந்திக்கொண்டு நேரே ஏசி ஓடிக்கொண்டிருந்த ரத்தினம்மா வீட்டுக்கு நடந்தார். இருபது வருஷமாக அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் அவர் ஒன்றும் கேட்டதில்லை. வாசற்படியில் நின்று தயங்கித்தான் கேட்டார்.

"அக்கா, இவன இங்க கொஞ்ச நேரம் படுக்க வெக்கட்டுமா?"

"இதக் கேக்கணுமா? கோதையயும் கூப்புடு." குழந்தையை வாங்கிப் பாயில் கிடத்திய ரத்தினம்மா, பின்னாலேயே உள்ளே வந்தவரை நிமிர்ந்து பார்த்தார். "இத்தினி வருசமா வாசல்ல மீட்டரப் பாத்துக்கினு போயிடுவே. இன்னிக்குத்தான் உள்ள வந்துகீற."