தெருவுக்கே கேட்ட பெட்டி

1954 நவம்பர் 3, மாலை ஆறரை மணி, காற்றே இல்லாத புழுக்கம். என் சிறிய ரேடியோவின் முனகலை முழக்கமாக்க, தேயிலைப் பெட்டிப் பலகைகளால் புனல்போல் விரியும் ஆறடி ஒலிபெருக்கி செய்திருந்தேன். அறையில் இடமில்லாததால் அதன் வாய் ஜன்னலுக்கு வெளியே நீண்டிருந்தது. புயல் எச்சரிக்கை, கடலோரப் பேட்டையான கல்மண்டபத்தில் எங்கள் தெரு முழுக்கக் கேட்டது. அன்றிரவே புயல் அடித்தது.

மறுவாரம் ரேடியோ லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் வந்தார்.

"வீட்டு லைசென்ஸை வெச்சிக்கிட்டு ஊருக்கே ரேடியோ போட்டீராமே?"

"என் காதுக்கு மட்டுந்தான்" என்றேன்.

எனக்குப் பரிந்துகொண்டு எதிர்வீட்டு மீன்காரி அஞ்சலை பாய்ந்து வந்தாள்.

"இன்னா நைனா இப்டி சொல்ற? சார், எங்க வூடு வரிக்கும் கணீர்னு கேட்டுச்சு! அதாலதான் எம் புருசன் கடலுக்குப் போவாம உசுரோட கீறான்!"

இன்ஸ்பெக்டர் சிரித்தபடி அதை அப்படியே சாட்சியாக எழுதிக்கொண்டார்.

"வாயை மூடு!" என்று அவளிடம் கத்தினேன். அவள் பின்னால் புருஷன் திருதிருவென்று விழித்தபடி உயிரோடு நின்றான். அவள்மேல் இருந்த கோபம் அங்கேயே தீர்ந்தது. உயிர் காத்த செய்திக்கு விலை போட்டவர்மேல் இன்னும் தீரவில்லை. அபராதம் ஐம்பது ரூபாய்.