வைதேஹியின் ஒற்றைக்கொம்பு

வைதேஹிக்குத் தமிழ் ஒழுங்காக எழுத வராது. இதை முதலில் சொல்லிவிட்டால்தான் அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரும். தில்லியிலேயே பிறந்து மயூர் விஹார் ஃபிளாட்டில் வளர்ந்த பெண். வீட்டில் பேசியது தமிழ், படித்ததெல்லாம் ஹிந்தியும் இங்கிலீஷும். 'பெ' எழுதச் சொன்னால் முதலில் 'ப' போடுவாள், அப்புறம் அதற்கு வலது பக்கத்தில் கொம்பைக் கொண்டுபோய் ஒட்டுவாள். ஹிந்தியில் எழுத்தை எழுதிவிட்டுத்தானே தலையில் கோடு இழுப்பார்கள், அந்தப் பழக்கம். கும்பகோணத்தில் படித்த எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளூர ஒரு திருப்தி. அப்பாடா, இவளுக்கு வராத ஒன்று எனக்கு வருகிறதே!

ஏனென்றால் மற்றதெல்லாம் அவளுக்கு வந்தது.

1997ஆம் வருஷம். தாவர மரபியல் ஆய்வகம் ஒன்றில் நாங்கள் இரண்டு பேரும் தற்காலிக டெக்னீஷியன்கள். நான் கரோல் பாகிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். எனக்கு முப்பத்தெட்டு வயது, ஆறு வருஷ அனுபவம். அவளுக்கு இருபத்தைந்து, வந்து சேர்ந்து ஒன்றரை வருஷம்கூட முடியவில்லை. ஆனாலும் சார் எதற்கெடுத்தாலும் "வைதேஹி, வைதேஹி" என்றுதான் கூப்பிடுவார்.

சார் லக்னோக்காரர். அவருக்குக் கோவைக்காய்ப் பைத்தியம். சமைப்பதற்கு இல்லை. பூக்கும் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆண் செடி, பெண் செடி என்று தனித்தனியாகக் கிடையாது, ஒரே செடியில் இரண்டும் குடித்தனம் நடத்தும். நூற்றுக்கு ஐந்தோ ஆறோதான் தனித்தனி. கோவை அந்தக் கூட்டம். அதிலும் நம்மைப் போலவே ஆணுக்கு எக்ஸும் ஒய்யும், பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒய் இருந்தால் கொடி ஆண், இல்லாவிட்டால் பெண்.

"முதல்ல எல்லாம் சேர்ந்துதான் இருந்திருக்கும்" என்று சார் டீ குடித்துக்கொண்டே சொல்வார். ஒரு செடியில் மகரந்தம் கெட்டது, அது பெண்ணாயிற்று. இன்னொரு மாற்றத்தில் சூல் கெட்டது, அது ஆணாயிற்று. இந்த இரண்டு மாற்றங்களும் கலந்து குழம்பாமல் இருக்க, ஒரு குரோமோசோம் தன் ஜோடியோடு கொடுக்கல் வாங்கலையே நிறுத்திக்கொண்டது. அதுதான் ஒய். கோவையில் அது தனியாகக் கிடந்து கிடந்து உப்பி, மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகிவிட்டது. சார் இதைச் சொல்லும்போது நான் வைதேஹியின் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தக் கட்டைவிரல்தான் என் வயிற்றெரிச்சல். வேர் நுனியைச் சாயத்தில் ஊறவைத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லும் மைஒற்றுத் தாளும் போட்டுக் கட்டைவிரலால் ஒரே அமுக்கு அமுக்க வேண்டும். துளி நகர்ந்தாலும் செல்லெல்லாம் நாசம். நான் அமுக்கினால் பத்தில் ஏழு சட்னி. அவள் அமுக்கினால் இருபத்து நாலு குரோமோசோமும் ஒன்றின்மேல் ஒன்று படாமல் கோலப்புள்ளி மாதிரி விரிந்து நிற்கும், நடுவே அந்தத் தடியன் ஒய். சார் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து "வாஹ்!" என்பார். அந்த ஒரு "வாஹ்" எனக்கு ஆறு வருஷத்தில் கிடைத்ததில்லை. பொறாமைதான், பச்சையாகச் சொல்கிறேன். அவள் டிபன் பாக்ஸில் கொண்டுவரும் தயிர்சாதம்கூட என்னுடையதைவிட வெள்ளையாக இருப்பதாகத் தோன்றும்.

அந்த வருஷம் ஒரே ஒரு நிரந்தர வேலை வந்தது. எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்கு. எனக்கு அது கிடைக்காவிட்டால் வயது வரம்பு தாண்டிவிடும், அப்புறம் எந்த அரசாங்க வேலையும் கனவுதான். சார் ஒரு பரீட்சை வைத்தார். தோட்டத்தில் இருபது சட்டிகளில் கோவைத் தண்டு நட்டிருந்தது. பனிக்காலத்தில் பட்டுப்போய், மார்ச்சில் துளிர்த்து நின்றது. பூக்காத கோவையில் ஆணையும் பெண்ணையும் பார்த்துச் சொல்ல முடியாது. ஆளுக்குப் பத்துச் சட்டி, தகடு கண்ணில் படாமல் சார் எண் மட்டும் எழுதித் தரும் வேர் நுனியில் ஸ்லைடு போட்டு, ஒய் இருக்கிறதா என்று எழுதித் தர வேண்டும். சட்டியில் கட்டியிருக்கும் தகட்டைப் பார்த்து ஏற்றும் பதிவேட்டோடு சார் ஒத்துப் பார்ப்பார்.

அந்தத் தகடுகளுக்கு ஒரு கதை உண்டு. முதலில் இங்கிலீஷில் எம், எஃப் என்றுதான் எழுதினோம். தோட்டக்கார மாலிக்கு எம் என்றால் 'மாதா'. ஹிந்தியில் பெண் செடிக்கு அதுதானே பேர்! ஒரு சீசன் முழுக்க ஆணைப் பெண் வரிசையிலும் பெண்ணை ஆண் வரிசையிலும் நட்டுவைத்தான். ஆண், பெண் குறியாக வட்டத்தில் அம்பும் சிலுவையும் போட்டால் ஒரு மழையில் இரண்டும் வெறும் வட்டமாகிவிடும். சார் தலையில் அடித்துக்கொண்டு, "உங்க மதராஸி பாஷையிலயே எழுதித் தொலைங்க, வேற யாரும் கை வைக்க மாட்டாங்க" என்றார். வைதேஹி ஆசையாக முன்வந்து, போன சீசன் பூவைப் பார்த்து இருபது தகடுகளிலும் எண்ணும், 'ஆ' அல்லது 'பெ'யும் எழுதினாள். அதைப் பதிவேட்டில் இங்கிலீஷில் ஏற்ற வேண்டியது என் வேலை. நான் இன்னும் ஏற்றவில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் மத்தியானம், எல்லாரும் கேன்டீனுக்குப் போனபோது, நான் தோட்டத்துக்குப் போனேன். அவள் பங்கில் இருந்த பதினாலாம் சட்டி 'பெ'. அதை அவிழ்த்துவிட்டுப் புதுத் தகட்டில் '14 ஆ' என்று எழுதிக் கட்டினேன். பதினேழாம் சட்டி 'ஆ'. அதற்கு '17 பெ'. பதிவேட்டிலும் அப்படியே ஏற்றினேன்.

அவள் விடைத்தாளைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்த சார் புருவத்தைச் சுருக்கினார். "ரெண்டு தப்பு. ஸ்லைடு மாறிப்போச்சா?"

"ஸ்லைடு மாறலை சார். பதினாலுல ஒய் இல்லை, பதினேழுல இருக்கு. நாலு தடவை பார்த்துட்டேன். தகடுதான் தப்பு" என்றாள். குரலில் துளி சந்தேகம் இல்லை. என்ன திமிர் என்று நினைத்தேன்.

"அச்சா, பூக்கட்டும். பூ பொய் சொல்லாது" என்றார் சார்.

ஏப்ரல் கடைசியில் பூத்தது. பதினாலாம் சட்டியின் வெள்ளைப் பூவுக்குப் பின்னால், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு குட்டிக் கோவைக்காய் ஒட்டிக்கொண்டிருந்தது. பெண். பதினேழின் பூவுக்குப் பின்னால் வெறும் காம்பு. தகட்டையே பார்க்காமல் குரோமோசோமை மட்டும் நம்பியவள் ஜெயித்தாள். அவளைக் கவிழ்க்க நான் செய்த வேலை அவள் கைக்கு மெடல் குத்திவிட்டது.

ஆனால் சாருக்கு முகம் கறுத்துவிட்டது. "அப்படின்னா தகடு ஆரம்பத்துலேர்ந்தே தப்பு. இந்த ரெண்டு கொடியையும் வெச்சுப் போட்ட கலப்புத் திட்டமெல்லாம் குப்பைக்குத்தானே போகணும்! யே கிஸ்னே லிக்கா?" அந்த இரண்டு தகடுகளையும் மேஜைமேல் போட்டார். அவருக்குத் தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. என்னைப் பார்த்துக் கேட்டார். "ராஜலக்ஷ்மி, இது யார் எழுத்து?"

'நான்தான்' என்று சொல்லியிருக்கலாம்.

"வைதேஹிது, சார்."

அவள் பதினேழாம் தகட்டைக் கையில் எடுத்தாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். 'ப'வுக்கு முன்னால், இடது பக்கத்தில், அழகாக, சரியாக ஒரு கொம்பு. பழகின கை, தப்பாக எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் தகட்டை மேஜைமேலேயே திருப்பி வைத்தாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, எனக்கு இவ்ளோ நன்னா 'பெ' போட வராது."

நான் பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார்கிட்ட எப்படிச் சொல்றது? நான் எழுதின மத்த 'பெ' எல்லாம் தப்பு, இது ஒண்ணுதான் சரி, அதனால இது நான் எழுதலைன்னு சொல்லணும். அது உண்மையான்னு அவர் யாரைக் கேப்பார்? உங்களைத்தான் கேப்பார்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

தகட்டில் கவனம் இல்லாதவளை மரபியல் ஆய்வகத்தில் வைக்க முடியாது என்று கமிட்டி முடிவு செய்தது. வேலை எனக்கு வந்தது. அவள் ஒரு ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் குரோமோசோம் பார்க்கும் பிரிவுக்குப் போனாள். அங்கே சீக்கிரமே பெரிய ஆளாகிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். சாரின் கட்டுரை வந்தபோது அதில் இருந்த படம் அவள் போட்ட ஸ்லைடு, கீழே அவள் பெயர். நிரந்தர டெக்னீஷியனான நான் அதை ஜெராக்ஸ் எடுத்து ஃபைல் பண்ணினேன். அப்போதும் வயிறு எரிந்தது. வேலையைப் பிடுங்கிக்கொண்ட பிறகாவது அடங்கும் என்று நினைத்தேன், அடங்கவில்லை.

2002 தை மாதம் அவள் கல்யாணப் பத்திரிகை ஆய்வகத்துக்கு என் பெயரில் வந்தது. விலாசத்தைக் கையாலேயே எழுதியிருந்தாள், தமிழில் தொடங்கி இங்கிலீஷில் முடித்திருந்தாள். முதல் வார்த்தை 'பெறுநர்'. கொம்பு இடது பக்கத்தில், 'ப'வுக்கு முன்னால், அச்சு அசலாக என் கை மாதிரியே இருந்தது.

உள்ளே பத்திரிகையின் ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி.

"உங்க தகட்டைப் பார்த்துத்தான் கத்துண்டேன். இப்போ சரியா இருக்கா அக்கா?"