நீல வாளிக்குப் போகாத பல்

என் அண்ணனின் மனைவியை அந்தக் குகை தோண்டும் முகாமில் எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள். காலையில் குகைக்குள் கால் வைத்ததிலிருந்து மாலையில் வாளிகளைக் கவிழ்த்து வைக்கும்வரை அண்ணி பேசிக்கொண்டே இருப்பாள். கேட்க ஆள் வேண்டும் என்றுகூட இல்லை. அதற்கு முன் பதினோரு வருடம் மாவு மில்லில் சலித்தவள். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்க வேண்டுமானால் கத்தத்தான் வேண்டும். மில்லை மூடிய பிறகும் அண்ணியின் குரல் மட்டும் மில்லிலேயே இருந்தது.

மலைக்குகையைத் தோண்ட வந்த விஞ்ஞானிகளுக்குச் சலித்துப் பழகிய கை தேவைப்பட்டது. அண்ணி போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். நாலு பேர் முன்னால் பேச வேண்டும் என்றால் அண்ணியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். "எங்க நாத்தனார் வாய்க்குள்ள தங்கக்கட்டி வச்சிருக்கா. தொறந்தா விழுந்துடுமாம்" என்று சேர்ந்த முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அதன்பின் யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. அது எனக்குச் செய்த உதவி என்று புரிய ஒரு வாரம் ஆனது.

குகையின் வாய் ஆள் உயரம்தான். உள்ளே போகப் போகக் கூரை உயர்ந்து இருட்டில் மறைந்துவிடும். விளக்கைத் தூக்கிப் பிடித்தாலும் எட்டாது. கடைசியில், எந்தக் காலத்திலோ மேலிருந்து சரிந்த பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து சுவராக நின்றன. தரையை நூல் கட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் கொடுத்திருந்தார்கள். மண்ணை விரற்கடை அளவு சுரண்டி வாளியில் போட்டு, கட்டத்தின் எண், ஆழம், தேதி எழுதிய சீட்டோடு அனுப்புவார்கள். அண்ணி சலிப்பாள். மிஞ்சுவதை நான் அலசித் தட்டில் பரப்புவேன்.

வாசல் பக்கம் காற்று தூசியைக் கிளப்பியதால் சல்லடையை உள்ளே, பாறைச் சுவரை ஒட்டி ஏழாம் கட்டத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு விரிசல். உள்ளங்கை நுழையும் அகலம். அதிலிருந்து எப்போதும் குளிர்ந்த காற்று வரும். அண்ணி அதற்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, "ஏசி ரூம்ல வேலை கிடைச்சிருக்கு, உங்க அண்ணன்கிட்ட சொல்லு" என்பாள். மூன்று தரம் சலித்து, விளிம்பில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவாள். டொக், டொக். நாள் முழுவதும் அந்தச் சத்தமும் அவள் பேச்சும்தான்.

ஒரு நாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உள்ள யாரோ அடுப்பு மூட்டுறாங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அங்கே தோண்டியது மனிதர்கள் வாழ்ந்த மண். நம்மைப் போன்ற மனிதர்கள் அல்ல, நமக்கு முந்தைய இன்னொரு மனித இனம் என்று சீட்டு எழுதும் கண்ணாடி சார் சொல்லித் தந்தார். நாற்பதாயிரம் வருடத்துக்கு முன் அவர்கள் கூட்டமே அற்றுப்போய்விட்டதாம்.

"நாப்பதாயிரம் வருஷம்னா எத்தனை பிரசவம் சார்?" என்று அண்ணி கேட்டாள்.

அவர் சீட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். "இருபது வருஷத்துக்கு ஒண்ணுன்னு வச்சா ரெண்டாயிரம்."

"அவ்வளவுதானா? அம்மாவுக்குப் பின்னால அம்மான்னு ரெண்டாயிரம் பேர் வரிசையா நின்னா, இங்கேருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூட வராதே. கடைசில நிக்கிறவள இங்கேருந்தே கூப்பிடலாம்."

"உங்க குரல்னா கேக்கும்" என்றார் அவர்.

எனக்கு அன்று வேலையே ஓடவில்லை. பஸ் ஸ்டாண்டு போகும் சாலையில் பெண்கள் வரிசையாக நிற்பது போலவே இருந்தது.

சல்லடைக்குப் பக்கத்தில் ஒரு நீல வாளி உண்டு. அதன் பெயர் 'நம்ம குப்பை'. பழைய மண்ணில் புதிய பொருள் எது கிடைத்தாலும் அது நம்மிடமிருந்து விழுந்தது என்பது அங்கே சட்டம். சட்டைப் பொத்தான், பழத்தோல், நூல், தலைமயிர், எல்லாம் அந்த வாளிக்குப் போகும். சீட்டு கிடையாது. வாரம் ஒருமுறை குழியில் கொட்டிவிடுவார்கள். இந்தத் தோண்டும் வேலையை நடத்தும் பேராசிரியர் மேடமே வகுத்த சட்டம். முப்பது வருடமாகத் தோண்டுகிறவர், எந்தக் குகையிலும் இந்தச் சட்டம் பொய்த்ததில்லை.

அண்ணி மட்டும் சில பொருள்களை வாளியில் போடவில்லை. முதலில் கிடைத்தது ஒரு சிறு கயிறு. ஏதோ நாரை இரட்டையாக முறுக்கி, நுனியில் முடிச்சுப் போட்டிருந்தது. "இவ்வளவு பாடுபட்டு முறுக்கினவங்க தேடி வருவாங்க" என்று இடுப்பில் செருகிக்கொண்டாள். யாரும் தேடவில்லை. பிறகு ஒரு கல் சில்லு, தூசியே இல்லாமல், தொட்டதும் கட்டை விரலைக் கிழித்தது. ஓட்டை போட்ட நத்தை ஓடு. ஒரு பக்கம் எரிந்த குச்சி. இப்படி ஒன்றுவிட்டு ஒரு நாள் ஏதாவது ஒன்று வந்தது. எல்லாம் ஏழாம் கட்டத்திலிருந்து, காலையின் முதல் வாளியில். ஒவ்வொன்றையும் காலித் தீப்பெட்டிக்குள் வைத்து, பிஸ்கட் டின்னில் அடுக்கினாள். "சீட்டு எழுது" என்றாள் என்னிடம்.

"குப்பைக்குச் சீட்டு வேணாம் அண்ணி."

"குப்பைன்னா அதுக்கு விலாசம் இருக்கக்கூடாதா? எழுது."

எழுதினேன். கட்டம் ஏழு, ஆழம், தேதி.

நடுவில் அண்ணிக்குக் காய்ச்சல் வந்து எட்டு நாள் படுத்தாள். அந்த எட்டு நாளும் நான்தான் சலித்தேன். குகை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஏழாம் கட்டத்திலிருந்து மண்ணைத் தவிர எதுவும் வரவில்லை. ஒன்பதாம் நாள் அண்ணி வந்து, எட்டு நாள் பேச்சையும் சேர்த்துப் பேசித் தீர்த்தாள். மறுநாள் காலை முதல் வாளியில் அந்தப் பல் கிடைத்தது.

குழந்தையின் பால் பல். வெள்ளை வெளேரென்று, ஓரத்தில் காய்ந்த இரத்தம் ஒட்டிக்கொண்டு. இரண்டு பிள்ளைகளின் பல் விழுந்ததைப் பார்த்தவள் அண்ணி. உள்ளங்கையில் வைத்து விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகாமில் குழந்தைகள் கிடையாது. மலையடிவாரம் வரை நடந்தாலும் ஒரு வீடு கிடையாது.

கண்ணாடி சாரிடம் கொண்டு போனாள். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காரணம் இருந்தது. போன மாதம் அண்ணி, மதியம் தின்ற கோழிக்கால் எலும்பைத் தேய்த்துக் கழுவி, மண்ணைப் பூசித் தட்டில் வைத்துவிட்டாள். அவர் பாதி நாள் அதை அளந்து படம் வரைந்தார். முகாமே வயிறு வலிக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"ரேடியோவுல செய்தி கேக்கலாம், நம்பத்தான் கூடாது" என்றார். "யாரோ பிள்ளையக் கூட்டிட்டு உள்ள வந்திருக்காங்க. நீல வாளியில போடுங்க."

"சார், விளையாட்டு இல்ல. சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரோ இருக்காங்க."

"நாளை மறுநாள் சுவரை உடைக்கிறோம். நேர்லயே போய்ப் பேசுங்க."

அதுதான் அண்ணியைப் பிடித்து உலுக்கியது. சுவருக்கு அப்பால் மலையின் நடுவே ஒரு பள்ளம் இருந்தது. மேலிருந்து எடுத்த படத்தில் நான்கு பக்கமும் செங்குத்துப் பாறையும் நடுவில் மேகமும்தான் தெரியும். அதற்குப் போக வழி தேடித்தான் சுவரில் துளை போட்டு வெடி வைக்கப் போகிறார்கள். பாறைகள் அந்தப் பக்கமாகத்தான் சரியும் என்று எங்கள் எதிரிலேயே பேசியிருந்தார்கள். விரிசலின் அந்தப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் தப்ப முடியாது.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அண்ணி சொன்னாள்: "ஒரு கோழி எலும்புக்கு இவ்வளவு பெரிய தண்டனையா."

துளை போடும் நாள் வந்தது. வெளியே துளைக்கருவிக்குக் காற்று தரும் கம்ப்ரசரை ஓடவிட்டு, குழாயை உள்ளே இழுத்து வந்திருந்தார்கள். விரிசலுக்கு முன்னால் தன் முக்காலியைப் போட்டு, பிஸ்கட் டின்னை மடியில் வைத்து அண்ணி உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிங்கக்கா, தூசி அடிக்கும்" என்றார் துளை போடுகிறவர்.

"பதினோரு வருஷம் மாவுத் தூசிய முழுங்கினவ தம்பி நான். எந்திரிக்க மாட்டேன்."

"இன்னைக்கு என்ன, ஆட்டு எலும்பா?" என்றார் கண்ணாடி சார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததைத்தான் மேடம் கவனித்திருக்க வேண்டும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"என்னம்மா அதுல?"

"குப்பை மேடம். நம்ம குப்பைன்னு போடச் சொன்னது. ஆனா நம்மளோடது இல்ல. பாத்துட்டுச் சொல்லுங்க, எந்திரிச்சுடறேன்."

மேடம் மண்ணிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தீப்பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து தட்டில் வைத்தார். கயிற்றை விளக்கருகே பிடித்து முறுக்கைப் பார்த்தார். கல் சில்லின் விளிம்பை நகத்தில் உரசிப் பார்த்தார். கடைசிப் பெட்டியில் பல். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தவர், எடுக்கவே இல்லை. அவர் மூச்சில் கண்ணாடி மங்கியது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"வேர் கரைஞ்சு தானா விழுந்த பல்" என்றார் மெதுவாக. "இந்த மாதிரிப் பல்ல நான் நிறையப் பாத்திருக்கேன். எல்லாமே கல்லாப் போனது. ரத்தத்தோட பாத்ததில்ல."

கண்ணாடி சார் முன்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

"நம்ம மனுஷ வரிசைல வந்த பல் இல்ல இது. பக்கத்து வரிசை. அது எப்பவோ முடிஞ்சு போச்சுன்னு நாங்கதான் எழுதி வச்சிருக்கோம்."

பிறகு சீட்டுகளைத் தேதிப்படி அடுக்கினார். எல்லாச் சீட்டிலும் கட்டம் ஏழு. விரலை வைத்துத் தேதிகளை வாசித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இங்க எட்டு ஒம்பது நாள் ஒண்ணுமே வரலையே. ஏன்?"

"நான் காய்ச்சல்ல படுத்திருந்தேன் மேடம்" என்றாள் அண்ணி.

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது புரிந்தது. மெல்லத் திரும்பி விரிசலைப் பார்த்தாள். மூன்று மாதமாக அவள் முதுகை வைத்திருந்த இடம். அவள் புலம்பல், வசவு, சிரிப்பு எல்லாம் அந்த வழியாக உள்ளே போயிருக்கிறது. நாங்கள் போன பிறகு யாரோ கையை நீட்டி, அவள் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்திருக்கிறார்கள். நாங்கள் அதை மண்ணோடு சுரண்டி வாளியில் போட்டிருக்கிறோம்.

மேடம் கையை உயர்த்தினார். வெளியே கம்ப்ரசர் நின்றது.

"பேசும்மா" என்றார்.

அண்ணிக்குப் பேச்சு வரவில்லை. வாயைத் திறந்தாள், மூடினாள். என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: ஒரு வாளி மண்ணைத் தூக்கிச் சல்லடையில் கொட்டினேன். கை தானாகச் சலிக்கத் தொடங்கியது. கை ஓடியதும் வாயும் ஓடியது.

"எங்க வீட்டுக்காரர் இருக்காரே, கல்யாணம் ஆன புதுசுல பைக்ல கூட்டிட்டுப் போனாரு. பெட்ரோல் பங்க்ல நான் எறங்கி நிக்கிறேன். மனுஷன் பெட்ரோல் போட்டுட்டு, நான் ஏறிட்டேன்னு நினைச்சுக் கிளம்பிட்டாரு. பத்து மைலு. பின்னால சத்தமே வரலையே, கோவமா இருக்கா போலன்னு நினைச்சு, வழியெல்லாம் என்னைச் சமாதானம் பண்ணிக்கிட்டே போயிருக்காரு. நான் இங்க பங்க்ல…"

மூன்று தரம் சலித்தாள். விளிம்பில் தட்டினாள். டொக், டொக்.

சுவருக்குள்ளிருந்து, கல்லில் கல் மோதும் சத்தம் வந்தது. டொக், டொக்.

துளை போடுகிறவர் தலைக்கவசத்தைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அண்ணி சலிப்பதை நிறுத்தாமல், வலது கையை மட்டும் விரிசலின் முன்னால் விரித்து வைத்தாள்.

முதலில் விரல்கள் தெரிந்தன. குட்டையான, தடித்த, சின்ன விரல்கள். நகக்கண்ணில் கரி. அகன்ற உள்ளங்கை. அண்ணியின் கையைத் தொட்டு, சல்லடை பிடித்துக் காய்த்த இடத்தில் நின்று, அதை இரண்டு முறை அழுத்திப் பார்த்தது. பிறகு இருட்டுக்குள் போய்விட்டது. வரிசையின் கடைசியில் நின்ற யாரோ திரும்பி முகம் காட்டியது போல இருந்தது எனக்கு.

மேடம் முகத்தைத் துடைத்துக்கொண்டு துளை போடுகிறவரிடம் போனார். "சுவர்ல ஒரு கீறல் விழக்கூடாது. எல்லாத்தையும் கொண்டு போயிடுங்க. ஒரு சத்தம் வராம."

அந்த இரும்புக் கம்ப்ரசரை இன்ஜின் போடாமல், எட்டுப் பேர் தோள் கொடுத்து, மலைச்சரிவில் கையாலேயே தள்ளிக்கொண்டு போனார்கள். கண்ணாடி சாரும் ஒரு சக்கரத்தைப் பிடித்திருந்தார். போகும்போது நீல வாளியை எடுத்து என் கையில் கொடுத்து, "இதுக்கும் இனிமே சீட்டு எழுதணும்" என்றார்.

அன்று வீட்டில் அண்ணி தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வார்த்தை இல்லை. அண்ணன் பயந்துவிட்டான்.

"என்ன ஆச்சு உங்க அண்ணிக்கு? மறுபடி காய்ச்சலா?" என்று என்னைக் கேட்டான்.

"காய்ச்சல் எல்லாம் இல்ல" என்றாள் அண்ணி. "நாளைக்குச் சீக்கிரம் போகணும். கதைய பாதியில விட்டுட்டு வந்துட்டேன். அங்க நான் இன்னும் பெட்ரோல் பங்க்லயே நிக்கிறேன். மீதிய கேக்காம அது எப்படித் தூங்கும்?"